வாடைக்காற்றோடு ஒரு நாள்

தை மாதத்தின் இரண்டாம் வாரத்தில், மதுரையிலிருந்து இராமேசுவரம் வரையிலான ஏறத்தாழ 170 கிலோமீட்டரை ஒரே நாளில் சைக்கிளில் கடந்துவிடுவது என்று நானும் என் கல்லூரிக்கால நண்பனும் முடிவு செய்தோம். இந்தப் பாதையில் மலையேற்றம் எதுவும் கிடையாது. பெரும்பாலும் வைகையை ஒட்டியே சாலை போகிறது. ஆனால் தை மாதத்தில் வடகிழக்கிலிருந்து வாடை வீசும் என்பதையும், நாங்கள் போகும் திசை தென்கிழக்கு என்பதையும் நண்பன் முதலிலேயே எச்சரித்திருந்தான்.

அதிகாலை நான்கு மணிக்குத் தெப்பக்குளத்திலிருந்து கிளம்பினோம். திருப்புவனத்தை இருட்டிலேயே தாண்டி, ஏழு மணிக்கு மானாமதுரையில் இட்லி சாப்பிட்டோம். காற்று அதுவரை எழவே இல்லை. பரமக்குடியைக் கடந்த பிறகுதான் இடப்பக்கத்திலிருந்து மெல்லத் தள்ளத் தொடங்கியது.

சத்திரக்குடிக்குச் சற்று முன்னால் என் பின்சக்கரத்தில் காற்று இறங்கியது. சாலையின் இருபுறமும் சீமைக்கருவேலம் அடர்ந்த அந்த வட்டாரத்தில் இதை எதிர்பார்த்தே இரண்டு ட்யூப்கள் கொண்டுபோயிருந்தோம். புது ட்யூபை எடுத்து உடனே மாட்டப் போன என்னை நண்பன் தடுத்தான்: “இரு மாப்ள. டயருக்குள்ள விரல விட்டுத் தடவிப் பாரு, முள்ளு அங்கனயே ஒடிஞ்சு நிக்கும்.” வெளியே பார்த்தால் ரப்பரில் ஒரு கரும்புள்ளி மட்டுமே தெரிந்தது. உள்ளே மெதுவாகத் தடவியபோது, அரிசி முனையளவு கூர்மை ஒன்று விரல்நுனியில் சுருக்கென்று பட்டது. அதை நகவெட்டியால் பிடித்து இழுத்தபோது அரை அங்குல நீளத்துக்கு முள் வந்தது. அவன் சொல்லாமல் இருந்திருந்தால் இரண்டாவது ட்யூபையும் பத்து நிமிடத்தில் இழந்திருப்பேன்.

அருகில் ஒரு பாட்டி அவித்த பனங்கிழங்கைக் கட்டுக் கட்டாக வைத்து விற்றுக்கொண்டிருந்தார். “எய்யா, இந்தக் காத்த எதுத்துக்கிட்டா போறீக? செத்த உக்காந்து போங்க” என்றார். தோலை உரித்து, நடுநரம்பை உருவிப் போட்டுவிட்டு ஆளுக்கு நான்கு கிழங்கு தின்றோம். நெடுந்தொலைவுப் பயணத்துக்குப் பொட்டலத்தில் வரும் எந்தத் தின்பண்டத்தையும்விட இதுவே மேல் என்பது என் உறுதியான கருத்து.

இராமநாதபுரத்தில் வைகை எங்களை விட்டுப் பிரிந்தது. அது பெரிய கண்மாய்க்குள் போய்விடுகிறது; மிஞ்சிய நீர்தான் ஆற்றங்கரை என்னும் ஊரருகே கடலைச் சேர்கிறது. அங்கிருந்து சாலை ஏறக்குறைய நேர்கிழக்காகத் திரும்புவதால், அதுவரை பக்கவாட்டில் தள்ளிய காற்று முகத்தில் அறையத் தொடங்கியது. சமதரையில் மணிக்கு இருபது கிலோமீட்டர் போகக்கூடிய நாங்கள் பதினொன்றுக்கு இறங்கினோம்.

எதிர்க்காற்றில் ஒருவர் முன்னே போக, மற்றவர் அவர் சக்கரத்தை ஒட்டிப் பின்தொடர்ந்தால், பின்னால் வருபவருக்கு உழைப்பு வெகுவாகக் குறையும். ஆனால் காற்று முன்புற இடப்பக்கத்திலிருந்து வரும்போது அந்த மறைப்பு முன்செல்பவருக்கு நேர்பின்னே இராது. பின்புற வலப்பக்கத்தில், அதாவது லாரிகளும் பேருந்துகளும் போகும் பக்கத்தில் விழும். சாலையோரம் அகலமாக இருந்த இடங்களில் மட்டும் அதைப் பயன்படுத்தி, ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாறிக்கொண்டோம். மற்ற இடங்களில் ஒருவர்பின் ஒருவராக, மறைப்பின்றியே மிதித்தோம். உச்சிப்புளி தாண்டியதும் என் தொடைகள் இழுத்துப் பிடிக்கத் தொடங்கின. நண்பன் அதைக் கவனித்துவிட்டு, மண்டபம் வரை என் முறைகளையும் தானே எடுத்துக்கொண்டான். நான் மறுத்தும் கேட்கவில்லை.

1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறியபோது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தையும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலத்தையும் அங்கிருந்து நின்று பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கைப்பிடிச் சுவரோரம் சைக்கிளை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. அத்தனை வேகமாகக் காற்று அடித்தது.

மறுநாள் ரயிலில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு திரும்புவதாகத்தான் திட்டம். இராமேசுவரத்தில் இரவு புரோட்டா வருவதற்காகக் காத்திருந்தபோது நண்பன் சொன்னான்: “நாளைக்குக் காத்து நம்ம முதுகுப் பக்கம் மாப்ள. ரயிலு எதுக்கு?”