இருட்டில் ஏறிய மின்னோட்டம்

சேலத்தில் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த நாட்களில், ஆனி பிறந்தால் என் மேசைமேல் நாவல் பழம் வந்துவிடும். ஏற்காடு சாலையில் கோரிமேட்டுப் பக்கம் வாங்கி வருவேன். எனக்கு வேண்டியது தோல்தான். அதில் இருக்கும் ஆந்தோசயனின் என்ற ஊதா நிறமிதான், நான் செய்துகொண்டிருந்த சோலார் செல்லுக்குச் சாயம்.

டைட்டானியம் டை ஆக்சைடு பசையை மின்கடத்தும் கண்ணாடியில் மெல்லிசாக இழுத்து, 450 டிகிரியில் சுட்டால் சுண்ணாம்பு பூசியது போல ஒரு படலம் வரும். அதைச் சாயத்தில் போட்டு வைத்தால் ஓரத்திலிருந்து மெல்ல ஊதா ஏறும். அப்புறம் கழுவினாலும் போகாது. எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி அது. வெளிச்சம் பட்டதும் சாயம் ஒரு எலக்ட்ரானை அந்தப் படலத்துக்குக் கொடுத்துவிடும். கரைசலில் உள்ள அயோடைடு அதன் இழப்பை ஈடுகட்டும். ருத்தேனியம் என்ற உலோகம் சேர்ந்த சாயத்தை வைத்து ஓ'ரீகன், கிரேட்சல் என்ற இரு விஞ்ஞானிகள் 1991இல் காட்டிய வழி இது. மின்முனையில் வெளிச்சம் பட்டால் மின்னோட்டம் பிறக்கும் என்பதை எட்மண்ட் பெக்கரல் 1839இலேயே கண்டுவிட்டார். அப்போது அவருக்கு வயது 19.

தினமும் காலையில் மின்னோட்டம் அளக்கும் கருவியைச் சோதிப்பேன். கார்பன் மின்முனையை அலுமினாத் தூளில் எட்டு போடுவது போலத் தேய்த்து, ஃபெரிசயனைடு கரைசலில் வோல்ட்டேஜை ஏற்றி இறக்கி ஓட்டிப் பார்ப்பேன். திரையில் வரும் வளைகோட்டின் இரண்டு முகடுகளுக்கும் நடுவே 59 மில்லிவோல்ட்டை ஒட்டி வந்தால், கருவி சரி என்று நிம்மதி. (ஜன்னலில் தெரியும் சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட் மேட்டூருக்குப் போனதும் இந்த அலுமினாவுக்காகத்தான்.) அன்றும் சரியாகவே வந்தது. அதனால்தான் அடுத்து வந்ததை அப்படியே நம்பினேன்.

ஹாலஜன் விளக்கைப் போட்டதும் மின்னோட்டம் ஏறியது. நான் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு. வரைபடத்தை எடுத்துக்கொண்டு வழிகாட்டி மேடத்திடம் ஓடினேன்.

இரண்டு நாள் கழித்து, ஆய்வகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்த அண்ணன் திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம் பாப்பா, விளக்கை அணைச்சா சட்டுனு விழணுமில்ல? இது அடுப்பு ஆறுற மாதிரி இறங்குதே."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் விளக்கைப் போடவே இல்லை. செல்லைக் கருந்துணியால் மூடி, வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கினேன். கும்மிருட்டிலேயே மின்னோட்டம் ஏறியது. அதே சாய்வு, அதே நிதானம். ஏ.சி. இல்லாத அறை, கைக்கெட்டும் தூரத்தில் விளக்கு. கரைசல் சூடாகச் சூடாக அயனிகள் வேகமாக நகர்ந்திருக்கின்றன. நான் அளந்ததில் பெரும்பகுதி சூடு.

மேடத்திடம் போய்ச் சொல்லும்போது குரல் நடுங்கியது. அவர் திட்டவில்லை. "சரிம்மா, இனிமேல் இருட்டை முதல்ல அள" என்றார். எனக்கு வழிகாட்டியாக அவர் செய்ததில் பெரியது அந்த ஒரு வரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

விளக்குக்கும் செல்லுக்கும் நடுவே கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்தேன். அகச்சிவப்புக் கதிரில் பெரும்பகுதியைத் தண்ணீர் விழுங்கிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியும் ஒளியை விட்டுவிடும். விளக்கைப் போடாமல் அரைமணி நேரம் காத்திருந்தேன், கோடு படுக்கையாகும் வரை. அப்புறம் பத்து விநாடி வெளிச்சம், பத்து விநாடி இருட்டு.

திரையில் சின்னதாக ஒரு படி. விளக்கைப் போட்டதும் செங்குத்தாக ஏறி, அணைத்ததும் செங்குத்தாக விழுந்தது. பழைய அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் விளக்கின் சுவிட்சைத் தானே இரண்டு முறை போட்டு அணைத்துப் பார்த்தார். இரண்டு முறையும் அந்தப் படி வந்தது.