கிள்ளுக்கீரை

மார்ச் 4, செவ்வாய்

இன்று கந்தோரில் கூட்டம். மூன்று கிழமையாக நான் இருந்து எழுதிய அறிக்கையை மேலாளர் தூக்கிக் காட்டி, "தங்கச்சிதான் டைப் பண்ணித் தந்தவ" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், அன்பாகத்தான். டச்சு வளைகுடாக் கரையோரம் சைக்கிளை உருட்டி வரும்போது தானாக வாயில் வந்தது: "நான் என்ன கிள்ளுக்கீரையா?"

மார்ச் 5, புதன்

அந்தச் சொல் மனசை விட்டுப் போகவில்லை. கத்தி வேண்டாம், அரிவாள் வேண்டாம், போகிற போக்கில் நகத்தால் கிள்ளிக்கொண்டு போகலாம். ஒருவரை அப்படி நினைத்துவிட்டால் அவர் கிள்ளுக்கீரை. இளக்காரம் என்றும் சொல்கிறோம். ஆனால் அது பார்க்கிறவரிடம் இருப்பது: இளக்காரமாகப் பார்த்தார், இளக்காரமாகப் பேசினார். 667ஆவது குறளின் 'உருவுகண்டு எள்ளாமை வேண்டும்' என்பதும் பார்க்கிறவருக்குச் சொன்ன புத்திதான். கிள்ளுக்கீரையைப் பெரும்பாலும் அடிபட்டவரே எடுக்கிறார், அதுவும் கேள்வியாகவோ மறுப்பாகவோ. "ஓம், நான் கிள்ளுக்கீரைதான்" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லும்போதே முதுகு நிமிர்ந்துவிடுகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

நல்ல வெயில். கந்தோரில் அதிகம் பேசவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

உப்புவெளியில் மாமி வீட்டுக்குப் போனேன். கிணற்றடியில் பொன்னாங்காணிப் பாத்தி. நடந்ததைச் சொன்னேன், அந்தச் சொல்லையும் சொன்னேன். மாமியின் முகம் மாறிவிட்டது.

"கீரை எண்டா சும்மாவா பிள்ளை? இந்த மணலில ஒரு நாள் தண்ணி ஊத்திப் பார்."

சரி என்று பக்கத்தில் குந்தினேன். மாமி கண்டபடி கிள்ளுவதில்லை. கணுவுக்குச் சற்று மேலே பெருவிரல் நகம் பதிகிறது, 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். நக இடுக்கில் பச்சைச் சாறு காய்ந்து கறுத்துக் கிடந்தது. கணுவை விட்டுவைத்தால் இரண்டு பக்கமும் தளிர் வருமாம். சந்தையில் மீனைக் கேட்ட விலைக்கு வாங்குகிறவர்கள்கூடக் கீரைக்கு வந்து, "இன்னும் ஒரு பிடி போடுங்கோ" என்பார்களாம். அதைச் சொல்லும்போது மாமி நிமிரவே இல்லை.

மார்ச் 10, திங்கள்

அறிக்கையின் முதற்பக்கத்தில் 'தயாரித்தவர்' என்று என் பெயரைப் போட்டு மேலாளரின் மேசையில் வைத்தேன்.

"சேர், இதை எழுதினது நான்."

கண்ணாடியைப் போட்டு வாசித்தார். இரண்டாம் பக்கத்தையும் புரட்டினார்.

"ஓம்" என்று சொல்லிப் பேனையை எடுத்தார்.