பகுதி நேர ஊழியருக்கும் சேமலாப நிதி உண்டு: தொழில் அலுவலகத்தில் பெற்ற அனுபவம்

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த பின்னர், நாடெங்கும் கிளைகளைக் கொண்ட ஒரு சுப்பர் மார்க்கெட்டின் நுவரெலியா மாவட்டக் கிளையில் பகுதி நேரக் காசாளராகச் சேர்ந்தேன். வார நாட்களில் காலை முதல் மதியம் வரையும் ஞாயிற்றுக்கிழமைகளில் முழு நாளும் வேலை செய்ததால், வாரத்திற்கு 30 மணித்தியாலங்களுக்கு மேல் கவுண்டரில் நின்றேன். நியமனக் கடிதம் எதுவும் தரப்படவில்லை. வங்கியில் விழுந்த பணத்தைச் சம்பளம் என்றல்லாமல் 'பயிற்சிக் கொடுப்பனவு' என்றே பதிவு செய்திருந்தார்கள்.

இதை முதலில் கேள்விக்குட்படுத்தியவர் என் அம்மா. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அவர், என் சம்பள விபரத்தைக் கேட்டுவிட்டு, "எனக்கே ஈ.பி.எஃப். நம்பர் இருக்கு, கடையில வேல செய்யிற ஒனக்கு ஏன் இல்ல?" என்றார். ஈ.பி.எஃப். என்பது ஊழியரின் ஓய்வுக்காலத்திற்காகச் சேர்க்கப்படும் ஊழியர் சேமலாப நிதி. முகாமையாளரிடம் விசாரித்தபோது, பகுதி நேர ஊழியருக்குச் சேமலாப நிதி இல்லை என்பது கொழும்புத் தலைமையகத்தின் கொள்கை என்று பதில் வந்தது. ஒரு நிறுவனத்தின் கொள்கை நாட்டின் சட்டத்தை விட மேலானதாக இருக்க முடியாது என்பதே அப்போதும் இப்போதும் என் நிலைப்பாடு.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், நிரந்தர ஊழியர், அமைய ஊழியர், பகுதி நேர ஊழியர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே ஊழியரின் பங்காக 8 சதவீதமும் தொழில்தருநரின் பங்காக 12 சதவீதமும் செலுத்தப்பட வேண்டும். இதற்கு மேலதிகமாக ஊழியர் நம்பிக்கை நிதியத்திற்குத் தொழில்தருநர் 3 சதவீதம் செலுத்த வேண்டும். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி வாரத்தில் 28 மணித்தியாலங்களுக்குக் குறையாமல் வேலை செய்பவருக்கு ஒன்றரை நாள் விடுமுறை சம்பளத்துடன் உரியது. போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறை தினத்தில் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு சம்பளம் வழங்க வேண்டும்.

நியமனக் கடிதம் இல்லாத எனக்கு, நான் அங்கே வேலை செய்தேன் என்பதை நிரூபிப்பதே பெரிய வேலையாயிற்று. கைபேசியில் படமெடுத்து வைத்திருந்த வாராந்த ரோஸ்டர்கள், வங்கிப் புத்தகத்தின் பிரதிகள், முகாமையாளர் ஷிஃப்ட் மாற்றி அனுப்பிய வட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றைத் திகதி வாரியாக அடுக்கி, தமிழில் எழுதிய முறைப்பாட்டுடன் எங்கள் பகுதிக்குரிய தொழில் அலுவலகத்தில் ஒப்படைத்தேன். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டது பின்னர் ஒவ்வொரு முறை விசாரிக்கவும் உதவியது.

விசாரணைக்கு இரு தரப்பையும் அழைத்தார்கள். நிறுவனத்தின் சார்பில் வந்தவர், நான் பயிற்சியாளர் மட்டுமே என்று வாதிட்டார். தனியாகக் காசு எண்ணி ஒப்படைத்துக் கையொப்பமிட்ட ஒருவர் எந்த வகையில் பயிற்சியாளர் என்று தொழில் அதிகாரி கேட்டதற்கு அவரிடம் பதில் இருக்கவில்லை. என் வாக்குமூலம் சிங்களத்தில் பதிவு செய்யப்பட்டதால், அதைத் தமிழில் வாசித்துக் காட்டிய பின்னரே கையொப்பமிடுவேன் என்று கூறினேன். அதிகாரி முகம் சுளிக்காமல் இன்னொருவரை அழைத்து வாசிக்கச் செய்தார். அதில் நான் சேர்ந்த மாதம் பிழையாக இருந்தது, அங்கேயே திருத்தினார்கள். மலையகத்திலிருந்து செல்லும் எவரும் இதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

இறுதியில் எனக்கு அங்கத்துவ இலக்கம் கிடைத்தது, நிலுவையும் வைப்பிலிடப்பட்டது. உரிய காலத்தில் பிடிக்கத் தவறிய 8 சதவீதத்தைப் பின்னர் என் சம்பளத்திலிருந்து கழிக்கக்கூடாது என்று அதிகாரி நிறுவனத்திடம் தெளிவாகக் கூறினார். தாமதக் கட்டணம் 5 முதல் 50 சதவீதம் வரை காலத்திற்கேற்ப உயரும் என்பதால், அதற்குப் பின் அவர்கள் இழுத்தடிக்கவில்லை.

போயா தினங்களுக்குரிய சம்பளம் மட்டும் இன்னும் தீரவில்லை. அன்றைய ரோஸ்டர்கள் தங்களிடம் இல்லை என்கிறது நிறுவனம். என்னுடன் அதே கவுண்டர்களில் நின்ற இருவர், தாங்கள் எடுத்து வைத்திருக்கும் படங்களுடன் அடுத்த விசாரணைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தங்களுக்கான முறைப்பாடுகளையும் அன்றே கையளிக்கவுள்ளார்கள்.