வேளாண்மை வெட்டும் புடையன் கடியும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் வேளாண்மை வெட்டு (நெல் அறுவடை) தொடங்கினால் புடையன் பாம்பின் (கண்ணாடி விரியன்) கடியும் கூடவே வரும். சின்ன ஆஸ்பத்திரியில் கடிபட்டவரின் இரத்தம் உறைகிறதா என்று பார்க்க, காய்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாய் ஒன்று போதும். நாளத்திலிருந்து 2 மில்லிலீற்றர் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒரேயொரு முறை சரித்துப் பாருங்கள். தண்ணியாக ஓடினால் நஞ்சு ஏறியிருக்கிறது. பிளாஸ்டிக் குழாயிலும், சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவிய குழாயிலும் நல்ல இரத்தமே உறையாமல் ஏமாற்றும். தேவையில்லாமல் விஷமுறிவு மருந்து ஏறி, ஒவ்வாமைதான் மிஞ்சும்.

மருந்துக் குப்பியைக் குலுக்கினால் நுரைக்கும், மெல்லச் சுழற்றிக் கரையுங்கள். ஏற்றத் தொடங்குமுன், ஒவ்வாமை வந்தால் போட 1:1000 அட்ரினலின் 0.5 மில்லிலீற்றர் ஊசியில் தயாராக இருக்கவேண்டும்.

செத்த பாம்பைப் பையில் கொண்டுவந்தால் ஏசாதீர்கள், எது கடித்தது என்று தெரியும். மூக்கு நிமிர்ந்த குட்டி விரியன் என்றால் இந்தியாவில் செய்த விஷமுறிவு மருந்து கேட்காது.