அம்மாவின் கேசட்டுகள்: 23-ல் 9 முடிந்தது

அம்மா போய் ஐந்து மாதம் கழித்துத்தான் பரணில் இருந்த அட்டைப்பெட்டியை இறக்க மனம் வந்தது. உள்ளே 23 கேசட்டுகள். ஒவ்வொன்றிலும் அம்மாவின் சாய்ந்த கையெழுத்து: தேதி, வேதபகுதி, கீழே "ஐயா பிரசங்கம்". அப்பா போதகர். மாற்றல் வரும்போதெல்லாம் குருமனை விட்டுக் குருமனை இந்தப் பெட்டியும் கூடவே வந்திருக்கிறது.

பதிவு செய்தவர் அம்மாதான். சபைக்கு வர முடியாமல் படுக்கையில் கிடப்பவர்களுக்காக ஞாயிறு ஆராதனையைப் பிடித்து, அந்த வாரத்திலேயே வீடு வீடாகக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுவார். பாஸ்டரம்மா வந்தால் கூடவே ரெக்கார்டர் பெட்டியும் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பதிவுகளை டிஜிட்டலாக மாற்றி அப்பாவின் குரலைக் காப்பாற்றி வைப்போம் என்றுதான் ஆரம்பித்தேன். அம்மாவின் குரல் இதில் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

நண்பர் ஒருவர் தன் பழைய கேசட் டெக்கைக் கொடுத்தார். டேப்பிலிருந்து ஒலியை எடுக்கும் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். நான்காவது பஞ்சு வரை பழுப்பாகவே வந்தது. முதல் கேசட்டை ஓட்டினால் அப்பா போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது. டேப் கெட்டுவிட்டது என்று பயந்தேன், கெடவில்லை. கேசட் டேப்பின் அகலம் வெறும் 3.81 மில்லிமீட்டர். பதிவு செய்த ஹெட்டும் கேட்கிற ஹெட்டும் துளி கோணம் மாறி நின்றாலே கூர்மையான ஒலிகள் முதலில் போய்விடும். ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். "இயேசு" என்ற சொல்லில் "சு" பளிச்சென்று கேட்டதும் கையை எடுத்துவிட்டேன். இதை ஒவ்வொரு கேசட்டுக்கும் செய்யவேண்டும், கணினிக்குள் போன பிறகு சரிசெய்ய வழியில்லை.

மாற்றுவதில் அவசரப்பட முடியாது. 60 நிமிடக் கேசட் ஓட 60 நிமிடம் ஆகும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோவில் சேமித்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி. வேலை முடிந்து வந்து ராத்திரி ஒரு பக்கம், விடிகாலையில் ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது கேசட்டில்தான் ஒரு விஷயம் உறைத்தது. ஒரு பக்கம் 30 நிமிடம், அப்பாவின் பிரசங்கமோ நாற்பதைத் தாண்டும். நடுவில் டேப்பைத் திருப்பியே ஆகவேண்டும். ஆனால் எந்தக் கேசட்டிலும் வாக்கியம் பாதியில் அறுபடவில்லை. முதல் பக்கத்தின் கடைசியில் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ வெறும் டேப் மிச்சம் இருக்கும். அப்பா எங்கே மூச்சு வாங்குவார், எங்கே கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த இடம் வரும்வரை காத்திருந்து நிறுத்தியிருக்கிறார்.

அப்புறம் ஐந்தாவது கேசட், 1989. இரைச்சல் அதிகம். ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் இரைச்சலைக் குறைக்கும் முறை எளிதானது. யாரும் பேசாத சில நொடிகளைத் தேர்ந்தெடுத்து இதுதான் இரைச்சல் என்று காட்டிக்கொடுத்தால், அதே மாதிரியானதை முழுப் பதிவிலும் அடக்கிவிடும். அப்பா ஜெபத்துக்கு முன் அமைதியாக நிற்கும் இடத்தைக் காட்டினேன். குரல் சுத்தமாக வந்தது, ஆனால் ஏதோ ஒரு உயிர் போனதுபோல இருந்தது. அதே கருவியில் 'ரெசிட்யூ' என்று ஒரு தேர்வு உண்டு. கழித்துத் தள்ளியதை மட்டும் தனியாகக் கேட்கலாம். அதை அழுத்தினேன்.

மழை பெய்வதுபோல் ஒரு 'ஸ்ஸ்'. அதற்குள்ளே, மிக மெல்ல, "சும்மா இரு கண்ணு. அப்பா ஆமென் சொல்லப் போறாங்க."

நான்காவது வயதில் என்னை அதட்டிய குரல். நாலைந்து முறை கேட்டிருப்பேன். பிறகு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

இது எப்படிப் பதிவானது என்று யோசித்துப் பார்த்தபோது புரிந்தது. அந்தச் சின்ன ரெக்கார்டரில் மைக் உள்ளேயே இருந்தது, அதை அம்மா தன் பக்கத்தில்தான் வைத்திருப்பார். இந்த வகை ரெக்கார்டர்களில் ஒலி அளவைத் தானே சரிசெய்யும் சுற்று உண்டு. பலமான சத்தம் வந்தால் அளவைக் குறைக்கும், அமைதியானால் மெல்லக் கூட்டும். அப்பா முழங்கும்போது மற்றதெல்லாம் அமுங்கிவிடும். அவர் நிறுத்தினால் நாலைந்து நொடிகளில் பக்கத்தில் இருப்பவரின் மூச்சுவரை மேலே எழும்பும். அப்பாவின் ஒவ்வொரு மௌனத்திலும் அம்மா இருக்கிறார்.

அன்றே செய்திருந்த ஐந்தையும் திரும்ப எடுத்தேன். இரைச்சல் குறைப்பு எதையும் மூலப் பதிவின்மேல் போடுவதில்லை என்று முடிவு செய்தேன். பிரசங்கம் கேட்க விரும்புகிற உறவினர்களுக்குத் தனிப் பிரதி, எனக்கு இரைச்சலோடு முழுப் பதிவு. பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, அம்மா வரும் இடத்தை நிமிடம், நொடி போட்டு எழுதுகிறேன்.

நோட்டிலிருந்து சில: பாட்டு எல்லாவற்றிலும் அம்மா இரண்டாம் குரல்தான் பாடுகிறார், சபை ஓங்கும் இடத்தில் கீழே இறங்கிக்கொள்கிறார். ஏழாவது கேசட்டில் ஆசீர்வாதம் முடிந்தும் நிறுத்த மறந்திருக்கிறார். கதிரைகள் இழுபடும் சத்தம், குழந்தைகளின் ஓட்டம், நடுவில் யாரிடமோ, "காய்ச்சல் விட்டுடுச்சா? மாத்திரையை நிறுத்திடாதீங்க. நாளைக்கு நான் வர்றேன், கதவைத் தாழ் போடாம வைங்க." அந்தக் குரலில் அவசரம் இல்லை. வாசலில் இன்னும் பத்துப் பேர் காத்திருந்திருப்பார்கள், ஆனாலும் அவரிடம் அம்மா முழுதாக நின்று பேசியிருக்கிறார். இந்த இடம் 48 நொடி. இதுவரை கிடைத்ததிலேயே நீளமானது இதுதான்.

நேற்று அப்பாவுக்கு ஹெட்போன் மாட்டிவிட்டேன். தன் பிரசங்கம்தான் என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். "கதவைத் தாழ் போடாம" வந்ததும் கையை உயர்த்தினார். "அதைத் திரும்பப் போடு" என்றார். போட்டேன். அப்புறம் மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டு, "இந்தப் பெட்டிக்குப் பேட்டரி மாத்தித் தரச் சொல்லிக்கிட்டே இருப்பா" என்றார்.

ஒன்பது கேசட்டுகளில் அம்மாவின் குரல் மொத்தம் 6 நிமிடம் 20 நொடி. பத்தாவதில் டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு உதிர்ந்துபோயிருக்கிறது. கேசட்டின் ஓடு ஐந்து திருகால் பூட்டியது, திறந்துவிடலாம். வெற்றுக் கேசட் ஒன்றிலிருந்து பஞ்சோடு இருக்கும் தகட்டை எடுத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை பகல் வெளிச்சத்தில் மாற்றவேண்டும்.