துன் சம்பந்தன் என்ற பெயர்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மோனோரயில் நிலையத்துக்கும் துன் சம்பந்தன் பெயர், பெரிய சாலைக்கும் அவர் பெயர், ஆனால் கூட வரும் இளையவர்களிடம் யார் இந்தச் சம்பந்தன் என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரிவதில்லை, எனக்கு அது உண்மையாகவே வலிக்கிறது.

துன் என்பது மலேசிய மாமன்னர் தரும் உயரிய பட்டம். வீராசாமி அவருடைய அப்பா. சம்பந்தனின் முழுப்பெயர் திருஞானசம்பந்தன், தேவாரம் பாடிய சீர்காழிப் பிள்ளையின் பெயர். வீ.தி. சம்பந்தன் என்று எழுதும்போது அந்தத் 'திருஞானம்' ஒரே எழுத்துக்குள் ஒடுங்கிவிடுகிறது. பலர் அதை அப்பா பெயரின் ஒரு பகுதி என்றே நினைக்கிறார்கள்.

1919இல் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர், 1955 முதல் 1973 வரை மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர், அமைச்சரும்கூட. சரி, பதவிகள் இருக்கட்டும். வெள்ளைக்காரர்கள் ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், வேலையும் வீடும் போய் நின்ற பாட்டாளிகளிடம், நீங்களே பணம் சேர்த்துத் தோட்டத்தை வாங்குங்கள் என்று தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசி, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினாரே, எனக்கு அந்தப் பெயர் என்றால் அதுதான். ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்த கைகள் பங்குதாரர் ஆன கதை அது.

சாலைப் பலகையில் முழுப்பெயருக்கு இடமிருக்காது. குறைந்தது நம் தமிழ்ப்பள்ளி விழாக்களில், மேடையில் அவரைச் சொல்லும்போதாவது, துன் வீ. திருஞானசம்பந்தன் என்று முழுதாகச் சொல்லுங்கள், அப்புறம் அந்தக் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றியும் இரண்டு வரி.