சேலத்துச் சுரங்கச் சுவடுகள்: அடிவாரத்தில் பள்ளம், மலைமேல் பங்களா

முதுகுப் பையை மாட்டிக்கொண்டு வெள்ளைக்காரர் காலத்துச் சுரங்க ஊர்களைத் தேடிப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் கோலார் தங்கவயலுக்குத்தான் ரயிலேறுகிறார்கள். அதில் தப்பேதும் இல்லை. ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் தொழில் தொடங்கி, 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து, 2001இல் சுரங்கம் மூடப்பட்ட அந்த ஊரில், துரைமார் பங்களா, கிளப், கூலி லைன் எல்லாம் அடுத்தடுத்து நிற்பதால் ஒரே நடையில் பார்த்து முடித்துவிடலாம். சேலம் அப்படி வரிசையாக எதையும் எடுத்து வைப்பதில்லை. இங்கே தோண்டிய பள்ளம் ஓரிடத்திலும், தோண்டச் சொன்னவர்களின் வீடும் கோயிலும் கல்லறையும் நாலாயிரம் அடிக்கு மேலே ஏற்காட்டு மலையிலும், உருக்குக் கனவு வேறொரு மலையடியிலும் கிடக்கின்றன. மூன்றையும் சேர்த்து ஒரே ஊராகப் பார்த்தால்தான் கதை விளங்கும் என்பது என் கருத்து.

முதலில் பார்க்க வேண்டியது வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட் என்ற கனிமம். சேலத்திலிருந்து மேட்டூர் போகும் ரயில் பாதையில் மேக்னசைட் ஜங்ஷன் என்றொரு நிலையம் இருக்கிறது. ஒரு கனிமத்தின் பெயரையே நிலையத்துக்கு வைத்திருப்பதிலிருந்து அந்தத் தொழில் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம். மாமாங்கம், செட்டிச்சாவடி, கருப்பூர்ப் பக்கமெல்லாம் சாலையோரத்திலிருந்தே வெளுத்த மண்மேடுகள் தெரியும். அவை இயற்கையான குன்றுகள் அல்ல; நூறாண்டுக்கு மேலாக வேண்டாமென்று கொட்டிய கழிவு மண். ஆங்கிலேயர் காலத்தில் மேக்னசைட் சிண்டிகேட் என்ற நிறுவனம் இங்கே வெட்டியது. விடுதலைக்குப் பிறகு தனியாரும், அரசு நிறுவனங்களும் தொடர்ந்தன. உருக்காலை உலைகளின் உட்சுவருக்கு, எவ்வளவு சூடேறினாலும் உருகாத செங்கல் வேண்டும். அந்தச் செங்கல்லுக்கு மூலப்பொருள் இந்தக் கல்தான்.

சாலையோரத்தில் உதிர்ந்து கிடந்த ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பச்சையும் பழுப்பும் கலந்த டியூனைட் பாறையின் நடுவே, விரற்கடை அகலத்தில் வெள்ளை நரம்பொன்று கோணல்மாணலாக ஓடியது. உடைந்த முகம் பீங்கான் ஓட்டைப் போல வழவழப்பாக, படிகம் எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. மக்னீசியம் மிகுந்த பாறையில் கரியமில வாயு கலந்த நீர் ஊறி, விரிசல்களில் படிந்து உண்டானவை இந்த நரம்புகள். அவை ஒழுங்கான படுகையாக இல்லாமல் வலைபோல் சிதறியிருப்பதால், ஒரு வண்டி வெள்ளைக்கல்லுக்குப் பல வண்டிப் பாறையை உடைத்தாக வேண்டும். தேநீர்க்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் ஆயா, இளமையில் தாம் பார்த்த வேலையை ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்தார்: “ஒட்டியிருக்கற கருங்கல்லச் சுத்தியலால தட்டித் தட்டி எடுக்கோணும் கண்ணு, வெள்ளை மட்டுந்தான் கணக்கு.” அனுமதியில்லாமல் பள்ளங்களுக்குள் இறங்குவது கூடாது, இறங்கவும் தேவையில்லை, சாலையிலிருந்து தெரிவதே போதும்.

அடுத்தது ஏற்காடு. இருபது கொண்டையூசி வளைவுகளில் பேருந்து ஏறும்போது ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொண்டால், சாலைக்காக வெட்டிய பாறைகளில் எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும் கருநீலக் கல்லைக் காணலாம். கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக் என்ற கம்பெனிக்கால ஆங்கிலேயரின் கல்லறைக் கல்லும் இவ்வகைதான் என்பதால், 1893இல் தாமஸ் ஹாலந்து என்ற பாறையியலாளர் இதற்குச் சார்னோகைட் என்று பெயரிட்டார். மேலே போனதும் எல்லோரும் ஏரிக்கும் படகுக்கும் ஓடுகிறார்கள். ஏரியை மாலையில் பார்த்துக்கொள்ளலாம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்த கிரேஞ்ச் தோட்டத்தையும்கூட அவசரமில்லாமல் பார்க்கலாம்.

நான் நேராகப் போனது ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்கு. 1863இல் பல்லாவரத்தில் கற்கால மனிதனின் கைக்கோடரியைக் கண்டெடுத்த பாறையியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் அஸ்தி இங்கேதான் இருக்கிறது. சேலம் மாவட்டப் பாறைகளை 1860களில் வில்லியம் கிங்குடன் சேர்ந்து அளந்து எழுதியவர் அவர். ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டிலேயே வாழ்ந்து, 1912இல் கல்கத்தாவில் இறந்தார். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரை உடன்வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழாக்கிய பாதிரியார். அவரும் 1882இல் ஏற்காட்டில்தான் காலமானார். தமிழ்ப் படிப்பும் பாறைப் படிப்பும் ஒரே குடும்பத்தில், ஒரே மலையில் முடிந்திருப்பதை ஒரு பலகையாவது சொல்ல வேண்டாமா என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. அங்கிருந்து லேடீஸ் சீட் என்ற மலைவிளிம்புக் காட்சிமுனைக்கு நடந்து கீழே பார்த்தால், காலையில் தொட்டுப் பார்த்த வெள்ளை மேடுகள் நகரத்தின் ஓரத்தில் தெரிகின்றன. கூலிக்காரர்கள் நிமிர்ந்து பார்த்த மலையையும், துரைமார் குனிந்து பார்த்த பள்ளத்தையும் ஒரே நாளில் இரு பக்கமிருந்தும் பார்க்க முடிவது இந்தப் பயணத்தின் தனிச் சிறப்பு.

மூன்றாவது, கஞ்சமலை. இரும்புத்தாது செறிந்த இந்த மலையின் அடிவாரத்தில் ஓடைமணலில் காந்தத்தைப் போட்டு இழுத்தால் கறுப்புத் துகள்கள் மயிர்க்கால்போல் குத்திட்டு நிற்கும்; பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தமே போதும். இந்தப் பகுதித் தாதுவை நம்பித்தான் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வேலையை விட்டுவிட்டு 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். தாது இங்கே, உலை கடற்கரையில், எரிக்கக் கரி காட்டில் என்று ஆன பிறகு அந்தத் தொழில் எப்படி நிலைக்கும்? சில பத்தாண்டுகளில் படுத்துவிட்டது. ஹீத் உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றும், வழக்காடியே நொந்து 1851இல் இறந்தார். ஆனால் நம் கொல்லர்கள் உருக்கு செய்த முறையை அவர் எழுதி வைத்ததற்காக நாம் நன்றி சொல்லலாம்: மூசை எனும் மண் உருக்குக் குடுவையில் இரும்புத் துண்டுகளோடு பொடியாக நறுக்கிய உலர்ந்த ஆவாரங்கட்டையைப் போட்டு, மேலே எருக்கிலையால் மூடி, களிமண்ணால் வாயடைத்துச் சுடுவார்களாம். ஆவாரையும் எருக்கும் இன்றும் அந்தச் சாலையோரம் முழுக்க முளைத்துக் கிடக்கின்றன.

சேலம் உருக்காலைக்கு 1970இல் அடிக்கல் நாட்டப்பட்டதும் இந்த மலையடியில்தான். கஞ்சமலைத் தாதுவை எதிர்பார்த்துத் தொடங்கிய பேச்சு, கடைசியில் வெளியிலிருந்து வந்த எஃகைத் தகடாக உருட்டும் ஆலையாக முடிந்தது.

கஞ்சமலைக்குப் போகிறவர்கள் நாள் பார்த்துக் கிளம்புவது நல்லது. அமாவாசையன்று சித்தர் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும். பேருந்துக்குக் குறைவிருக்காது, ஆனால் ஓடையோரம் குனிந்து மணலைக் கிளறிக்கொண்டிருந்தால் என்ன தேடுகிறீர்கள் என்று பத்துப் பேராவது கேட்டுவிடுவார்கள்.